இருட்டறையில் ஐம்பத்துமூன்று மணிச் செபம்

ஒரு இடத்தில இருப்புக் கொள்ளாதவளிட்டப் பூட்டின கதவின்ர திறப்பைக் குடுக்கக்கூடாது. நிஸ்லாவுக்கு அது தெரியாது, சின்னப்பிள்ளை. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அம்பத்துநாலு வயசாகுது, என்னை எனக்குத் தெரியாதோ? அடுப்பில கறி கொதிக்கேக்க பத்துத் தரம் மூடியைத் தூக்கிப் பாக்கிற ஆள் நான்.

என்ர பேர் யசிந்தா. மன்னார் ரவுணில ஸ்ரூடியோ வைச்சிருக்கிறன். அடையாள அட்டைப் படம், பாஸ்போட் படம், கோயிலில பிள்ளையளின்ர முதல்நன்மை, கலியாணம் எல்லாம் எடுப்பன். மற்றவையின்ர கலியாணத்தைப் படம் எடுத்தே அலுத்துப்போய்த்தான் நான் கட்டேல்ல எண்டு கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறனான். பத்தொம்பது வயசில இதே ஸ்ரூடியோவுக்கு வேலைக்கு வந்து, படம் கழுவுற இருட்டறைக்குள்ள பதினெட்டு வருசம் நிண்டன். முதலாளி கனடாவுக்குப் போகேக்க நானே இதை எடுத்திட்டன். கமறா டிஜிற்றல் ஆனாப்பிறகு இருட்டறை சாமான் அறையாப் போச்சு. அதில எனக்கு ஒரு கவலையும் இல்லை. அந்த மருந்து நாத்தம் ஒழிஞ்சதே பெரிய புண்ணியம்.

நிஸ்லா எருக்கலம்பிட்டிப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில செடி கொடியைப் பற்றி மேற்படிப்புப் படிக்கிறாள். பாஸ்போட் படம் எடுக்க வந்து கதிரையில இருந்தவள், நான் கமறாவை அமத்துற நேரம் பாத்துத் தலையைத் திருப்பி, "அன்ரி, அதென்ன ரெட்டைக் கதவு?" எண்டு கேட்டாள். படம் பழுதாப் போச்சு. எனக்குக் கோபம். "அது இருட்டறை, நீ நேர இரு" எண்டன். எங்க இருந்தாள்! எழும்பி உள்ள போய்க் கதவைச் சாத்தினவள்தான், பத்து நிமிசமாச் சத்தமே இல்லை. பிள்ளை மயங்கிக் கியங்கி விழுந்திட்டாளோ எண்டு நான் கதவைத் தட்டினன். சுவீப் ரிக்கற்றில காசு விழுந்தவள் மாதிரி வெளியில வாறாள். "ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை அன்ரி! ஒரு பொட்டும் இல்லை!"

பிறகுதான் கதை வந்துது. அவள் படிக்கிறது உமிரிச் செடியை. தள்ளாடிப் பக்கம் உப்புத்தரவையில முளைக்குமே, அதுதான். ஆடுகூட அரைமனசாத்தான் தின்னும். அதில என்ன படிக்கக் கிடக்கு எண்டு கேட்டன்.

"ஒரு செடியின்ர இலையிலயும் வேரிலயும் இருக்கிற மரபணு எல்லாம் ஒண்டுதான் அன்ரி. ஒண்டு கூட இல்லை, ஒண்டு குறைய இல்லை. ஆனா வெளிச்சத்தைப் பிடிச்சுச் சாப்பாடாக்கிற மரபணு இருக்கே, அதை இலை மட்டும்தான் திறந்து வேலை வாங்கும். வேர் தொடாது. இலையும் வெளிச்சம் பட்டாத்தான் திறக்கும், இருட்டில வைச்சா மூடிப்போடும்."

"எங்கட கோயில் பாட்டுப்புத்தகம் மாதிரி," எண்டன் நான். "எல்லாற்ர கையிலயும் ஒரே புத்தகம்தான். ஆனா பாடகர் குழுதான் பாடும். கிறிஸ்மஸ் பாட்டை கிறிஸ்மஸுக்குத்தான் திறக்கும்."

"அல்லாஹ்வே! அதேதான் அன்ரி!" எண்டு கையைத் தட்டினாள். எனக்கும் சந்தோசப் புளுகம்தான், ஏன் பொய் சொல்லுவான்.

உமிரியில அந்த மரபணு இலையில எவ்வளவு, தண்டில எவ்வளவு, வேரில எவ்வளவு, வெளிச்சத்தில எப்பிடி, இருட்டில எப்பிடி எண்டு அளக்கிறதுதான் அவளின்ர வேலை. வெளிச்சத்துக்கு எங்கட மன்னார் வெய்யில் காணும். இருட்டுக்குத்தான் வழியில்லை. பல்கலைக்கழகத்தில இருந்த இருட்டுப் பெட்டி பழுதாகி ஒரு வருசம் வீணாப் போச்சாம். யூலை முடியிறதுக்குள்ள முடிவு காட்டவேணும், இல்லாட்டிப் பதிவை வெட்டிப்போடுவினமாம். மூண்டு வருசப் படிப்பு அவ்வளவும் தண்ணியில. வீட்டில வந்து செய்யலாமெண்டா, எருக்கலம்பிட்டி வீட்டுக்குத் தகரக் கூரை, ஆணி ஓட்டைக்குள்ளால வெய்யில் கம்பி கம்பியா இறங்கும். "எனக்கு அஞ்சு நாள் இருட்டு வேணும் அன்ரி," எண்டாள். "அஞ்சே அஞ்சு நாள்."

அப்பிடித்தான் மே மாதம் என்ர மொட்டை மாடியில நாப்பது யோகட் கப்பில உமிரி முளைச்சுது. முளைச்சு இலை விட்டாப்பிறகு இருபது கப்பை வெய்யிலில விட்டிட்டு, மற்ற இருபதையும் இருட்டறைக்குள்ள வரிசையா வைச்சாள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில ஏதோ அவசரம், அண்டைக்கே வெளிக்கிடவேணும்.

"தண்ணி தேவையில்லை அன்ரி. கதவைத் திறக்கவே வேண்டாம். வெளிச்சம் உள்ள போகக்கூடாது."

"எனக்கோ நீ வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய்?"

சிரிச்சுக்கொண்டு திறப்பை என்ர கையில தந்தாள். "உங்களிட்டயே இருக்கட்டும். எனக்குச் சாமான் தொலைக்கிற பழக்கம்."

திறப்பு என்ர கையில. மத்தியானம் வரைக்கும் தாக்குப் பிடிச்சன். பிறகு தொடங்கிச்சுது. மே மாத வெக்கை, உள்ள அவிஞ்சு போகுமோ? எலி பூந்திடுமோ? பச்சைப்பிள்ளையளை இருட்டுக்குள்ள அடைச்சு வைச்ச மாதிரி ஒரு மனக்கஸ்ரம். குட்டி போட்ட பூனை மாதிரிக் கதவுக்கு முன்னால அங்கயும் இங்கயும் நடக்கிறன். பின்னேரம் கோயில் மணி அடிச்சுது. மே எண்டா மாதா வணக்கமாதம் எல்லோ. எப்பிடியும் அம்பத்துமூண்டு மணிச் செபமாலை சொல்லத்தானே போறன், உள்ள இருந்து சொல்லி அந்தப் பிள்ளையின்ர படிப்பை மாதாவிட்ட ஒப்புக்குடுப்பம் எண்டு நினைச்சன்.

சும்மா திறக்கேல்ல. முதல் கதவைத் திறந்து, உள்ள போய், அதைச் சாத்தி, பிறகுதான் ரெண்டாம் கதவு. வெள்ளை வெளிச்சம் ஒரு நூல் உள்ள போகேல்ல. உள்ள போட்டது சிவப்பு பல்ப் மட்டும்தான். எங்கட தொழிலில சிவப்பு எண்டா இருட்டுத்தான். படம் அடிக்கிற கடதாசி வெள்ளை வெளிச்சம் பட்டாக் கறுத்துப்போடும், சிவப்பு பல்புக்குக் கீழ மணித்தியாலக் கணக்கா வைச்சாலும் ஒண்டும் ஆகாது. பதினெட்டு வருசம் அதுக்குக் கீழ நிண்டு வேலை செய்தவள் நான். அதோட, அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சம் கோயிலில நற்கருணைப் பேழைக்கு முன்னால எரியிற விளக்கு மாதிரியே இருந்துது. கப்புகளுக்கு நடுவில முழங்காலில நிண்டு சொன்னன்.

விடிய ஆறு மணிக்கு ஒருக்கா, பின்னேரம் ஆறரைக்கு ஒருக்கா. அஞ்சு நாளும். ஒரு நேரமும் தவறேல்ல. நிஸ்லாவுக்குச் சொல்லேல்ல. முஸ்லிம் பிள்ளை, தன்ர செடிக்குப் பக்கத்தில இருந்து நான் மாதா செபம் சொன்னதை எப்பிடி எடுப்பாளோ எண்டு ஒரு கூச்சம். வேறொண்டுமில்லை.

அஞ்சு நாள் முடிஞ்சு ஆறாம் நாள், பத்து மணிக்குச் செடி வெட்டு. மாட்டுக்குச் சினை ஊசி போடுற கபிலன் மோட்டச்சைக்கிளில ஒரு பெரிய குடுவையைக் கட்டிக்கொண்டு வந்தான். மாட்டு விந்தணுவை உறைய வைக்கிற திரவ நைதரசன் அதுக்குள்ள. வெட்டின உடன அதுக்குள்ள போட்டாத்தான் இலை அந்த நிமிசத்தில எப்பிடி இருந்துதோ அப்பிடியே நிக்குமாம். "அக்கா, உங்கட ஸ்ரூடியோவில என்ன, கண்டுக்குட்டிக்கு முதல்நன்மைப் படமோ?" எண்டு பகிடி விட்டான். நிஸ்லா ஒரு சின்னப் பச்சை லைற்றோட இருட்டறைக்குள்ள போனாள். பச்சை முஸ்லிம் ஆக்களுக்கு விருப்பமான நிறம்தானே எண்டு நினைச்சன். பாருங்கோ என்ர மூளையை.

"அன்ரி, அவ்வளவா வெளிறேல்லயே!" எண்டு உள்ளயிருந்து சத்தம் வந்துது. எனக்கு உச்சி குளிர்ந்துது. என்ர செபம், என்ர கவனிப்பு எண்டு நினைச்சன். வாயைத் திறக்கேல்ல.

யூலை நடுவில ஒரு வெள்ளிக்கிழமை. மடிக்கணினியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடி வாறாள் நிஸ்லா, செருப்பையும் கழட்டேல்ல. "அன்ரி! இருட்டிலயும் திறந்திருக்கு!"

இருட்டில இருந்த இருபது கப்பிலயும் இலையில அந்த மரபணு வேலை செய்துகொண்டு இருந்திருக்கு. வெய்யிலில இருந்ததின்ர அளவுக்கு இல்லையாம், ஆனா நல்ல தெளிவாத் தெரியுதாம். வேரில மூடித்தான் கிடக்கு, ஆனபடியா இலை மாதிரியும் வேர் மாதிரியும் ஒண்டோடொண்டு கலந்துபோகேல்ல. அவளின்ர பேராசிரியர் முதல் நம்பேல்லயாம். திருப்பி அளக்கச் சொல்லி, திருப்பியும் அதுவே வர, "பிள்ளை, இது புதுசு" எண்டவராம். அடுத்த வாரம் கழிஞ்சு வாற புதன்கிழமை மாநாடு. வெளிநாட்டில இருந்தெல்லாம் ஆக்கள் வருகினம். பதிவும் தப்பும், பேரும் வரும்.

"எங்கட மன்னார் உமிரி இருட்டிலயும் கடையைப் பூட்டாது அன்ரி!"

என்ர வெள்ளைத் திரையில படங்களைப் போட்டு, என்னை முன்னால இருத்திப் பேசிப் பழகினாள். இங்கிலீசில ஒருக்கா, எனக்காகத் தமிழில ஒருக்கா. இருட்டறைக்குள்ள பச்சை லைற்றில வெட்டினது எண்டு வந்த இடத்தில நான் சும்மா கேட்டன், "ஏன் பிள்ளை பச்சை?"

"பச்சை செடிக்கு அவ்வளவாத் தெரியாது. சிவப்புத்தான் அன்ரி விசம். அஞ்சு நிமிசம் சிவப்பு வெளிச்சம் பட்டாக் காணும், விடிஞ்சிட்டுது எண்டு நினைச்சு இலை எல்லாத்தையும் திறந்துபோடும்."

அஞ்சு நிமிசமாம். நான் ஒரு நாளைக்கு ரெண்டு தரம், முழுச் செபமாலை. வெட்டின அண்டைக்கு விடியவும் சொன்னனான்.

"என்ன அன்ரி, முகம் ஒரு மாதிரி?"

"வெக்கை," எண்டன். பொய்க்காரி.

அவள் போனாப்பிறகு எனக்கு ஒரு இடத்தில இருக்கேலாது, நிக்கேலாது. பூனை கண்ணை மூடினாப் பூலோகம் இருண்டிடுமோ? என்ர கண்ணுக்கு இருட்டு எண்டா செடிக்கும் இருட்டோ? சொன்னா அவளின்ர மூண்டு வருசம் போச்சு. சொல்லாட்டி, எல்லாருக்கும் முன்னால நிண்டு இல்லாத ஒண்டை இருக்கெண்டு சொல்லப் போறாள். நாளைக்கு ஆரும் திருப்பிச் செய்து பாத்தா, கள்ளி எண்டு அவளுக்குத்தான் பேர் வரும். எனக்கில்லை. அண்டைக்கு இரவு கண் மூடேல்ல.

அடுத்த நாள் வந்த மனிசனுக்குக் காது வெட்டுப்பட்டுப்போச்சு. ஐயோ, படத்தில. பாஸ்போட் படத்துக்கு ரெண்டு காதும் தெரியவேணும். மூண்டு தரம் எடுத்தும் சரிவரேல்ல. "அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ?" எண்டு அவர் கேட்டதோட கடையைப் பூட்டிப்போட்டுக் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனன். எல்லாத்தையும் சொன்னன். சுவாமியார் திருப்பிக் கேட்டார்.

"இதில எது பாவம் எண்டு நீங்கள் நினைக்கிறியள்?"

"லைற் போட்டது, சுவாமி."

"அது பிழை. வாயைத் திறக்காமல் இருக்கிறியளே, அதுதான் பாவம். இஞ்ச என்ன செய்யிறியள்? அந்தப் பிள்ளையிட்டப் போங்கோ."

போனனோ? போகேல்ல. எனக்குத்தான் சாட்டுக்குக் குறைவில்லையே. உண்மையாவே சிவப்பு வெளிச்சத்தாலதானோ? ஆருக்குத் தெரியும்? மாதா செய்த அற்புதமாயும் இருக்கலாம்தானே? முதல் நிச்சயமாத் தெரியட்டும், பிறகு சொல்லுவம். இப்பிடி எனக்கு நானே சமாதானம் சொன்னன்.

நிஸ்லா மிச்சம் விட்டிட்டுப் போன விதை ஒரு பிலிம் டப்பாவுக்குள்ள கிடந்தது. மூண்டு கப்பில போட்டன். மூண்டு பிஸ்கட் தகரப் பேணி எடுத்து ஒவ்வொண்டையும் ஒவ்வொரு பேணிக்குள்ள மூடி, இருட்டறைக்குள்ள வைச்சன். முதல் பேணியைத் தொடவே இல்லை. ரெண்டாம் பேணியை விடியவும் பின்னேரமும் திறந்து, சிவப்பு பல்பைப் போட்டு, கைமணிக்கூட்டில இருபது நிமிசம் பாத்தன். செபம் சொல்லேல்ல. வாய் தன்ரபாட்டில "அருள்நிறைந்த" எண்டு தொடங்கும், கையால பொத்துவன். மூண்டாவது பேணியை அந்தகார இருட்டில திறந்து வைச்சு, பல்ப் போடாமல், அம்பத்துமூண்டு மணியும் முழுசாச் சொன்னன். செபமோ பல்போ எண்டு தெரியத்தானே வேணும். ஒரு நாளைக்கு நாலு தரம் உள்ள போய் வந்தன். கடைக்கு வந்த சனம் யசிந்தாவுக்கு வயித்தாலடி எண்டு கதைச்சிருக்கும்.

அதுக்கு நடுவில வியாழக்கிழமை நிஸ்லா வந்தாள். மாநாட்டுப் புத்தகத்துக்குப் படம் வேணுமாம். புது உடுப்பு, இளநீலத்தில முக்காடு. பாஸ்போட் படத்துக்கு எடுக்கிற மாதிரி உம்மெண்டு இருக்கத் தேவையில்லை, சிரிக்கலாம் எண்டு அவளே சொன்னாள். சிரிச்சாள். கமறாவுக்குள்ளால அந்த முகத்தைப் பாத்தன். எத்தினை ஆயிரம் முகம் பாத்தனான், இப்பிடி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. இதை அழவைக்கப் போறது நான்தான்.

"அன்ரி, நன்றி எண்டு போடுற இடத்தில உங்கட பேரும் வருது. என்னெண்டு எழுதினனான் தெரியுமே? 'முழு இருட்டைத் தந்த யசிந்தா அவர்களுக்கு.'"

சொல்லு, இப்ப சொல்லு எண்டு மனம் அடிக்குது. "தலையைக் கொஞ்சம் நிமித்து பிள்ளை," எண்டுதான் வந்துது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து மூண்டு பேணியையும் வெளிச்சத்துக்கு எடுத்தன். தொடாமல் விட்டது நூல் மாதிரி நீண்டு, வெளிறின மஞ்சளில தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிண்டுது. செபம் சொன்னதும் அதே மஞ்சள், அதே நூல், அதே கவிழ்ந்த தலை. பல்ப் மட்டும் போட்டது கட்டையா, நிமிந்து, ரெண்டு இலையையும் விரிச்சுக்கொண்டு பச்சை பிடிச்சு நிக்குது.

மாதாவும் என்னைக் கைவிட்டிட்டா எண்டு அழுதன். பிறகு எனக்கே வெக்கமாப் போச்சு. என்ர பொய்க்கு அவ ஏன் சாட்சி சொல்லப்போறா?

மூண்டு கப்பையும் ஒரு பையுக்குள்ள வைச்சு, ஓட்டோ பிடிச்சு, எருக்கலம்பிட்டிக்குப் போனன். வழியெல்லாம் பையை மடியில வைச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தன். நிஸ்லாவின்ர தாய் பாத்தும்மா முகம் மலர்ந்து, "வாங்கோ, வாங்கோ, இரிங்கோ" எண்டு கதிரை போட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனா. நிஸ்லா முற்றத்தில பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு நிண்டாள். கதிரையில கப்புகளை வரிசையா வைச்சன்.

படிச்சவள் எல்லோ. குனிஞ்சு பாத்தாள். "இது முழு இருட்டு," எண்டாள். "இதுவும் முழு இருட்டு." மூண்டாவதைக் கையில எடுத்தாள். "இது சிவப்பு. ஆர் செய்தது அன்ரி? வடிவாச் செய்திருக்கு."

"நான்தான்," எண்டன். "இதையும் செய்தனான், அதையும் செய்தனான்."

முழுசாச் சொன்னன். விடிய ஆறு, பின்னேரம் ஆறரை, அஞ்சு நாள். சொல்லச் சொல்ல அவளின்ர முகத்தில இருந்த ரத்தம் வடிஞ்சுது. கப்பை மெல்லக் கீழ வைச்சாள்.

"நான் அந்தப் பல்ப் பழுது எண்டெல்லோ நினைச்சன்," எண்டாள், தனக்குத்தானே சொல்லுற மாதிரி. பிறகு ஒரேயடியா வெடிச்சாள். "ஏன் அன்ரி உள்ள போனீங்க? திறக்கவேண்டாம் எண்டு சொன்னனான்தானே!"

"உனக்காகச் செபம் சொல்லப் போனனான் பிள்ளை."

"நான் உங்களிட்டச் செபமா கேட்டனான்? இருட்டுத்தானே கேட்டனான்!"

பாத்தும்மா தேத்தண்ணியோட வாசலில நிண்டிட்டா. நான் தலையைக் குனிஞ்சன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

அவள் அழேல்ல. போனை எடுத்து, எனக்கு முன்னாலயே பேராசிரியருக்கு அடிச்சாள். "சேர், புதன்கிழமை என்ர பேச்சை எடுத்துப்போடுங்கோ. இருட்டு இருட்டாயிருக்கேல்ல சேர்." அந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்கேக்கதான் குரல் உடைஞ்சுது. போனுக்குள்ளால பேராசிரியர் கத்தினது எனக்கும் கேட்டது. நிஸ்லா உள்ள போய்க் கதவைச் சாத்தினாள்.

பாத்தும்மா வெளிப் படலை வரைக்கும் வந்தா. "பிள்ளை ஏசிட்டாள், மனசில வைச்சுக்கொள்ளாதீங்கோ" எண்டா. ஏசினது காணாது, இன்னும் ஏசியிருக்கவேணும் எண்டு சொல்லவேணும் போல இருந்துது.

திங்கள், செவ்வாய் எப்பிடிப் போச்சு எண்டு எனக்குத் தெரியாது. மாநாட்டுப் புதன்கிழமை, கடை திறந்து கொஞ்ச நேரம், வாசலில நிழல் தட்டிச்சுது. நிஸ்லா. கண் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. கையில ஒரு கொப்பி.

"உள்ள வாங்கோ," எண்டாள், தன்ர கடை மாதிரி.

இருட்டறைக்குள்ள போனம். ரெண்டு கதவையும் சாத்தினாள். சிவப்பு பல்பைப் போட்டாள். "அண்டைக்கு எந்த இடத்தில நிண்டீங்களோ அதில நில்லுங்கோ. செபத்தைச் சொல்லுங்கோ. வழமையாச் சொல்லுற வேகத்தில. அவசரப்படவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்." போனில நேரம் எண்ணத் தொடங்கினாள்.

"விசுவசிக்கிறேன்" எண்டு தொடங்கினன். முதல் பத்து மணி முடியிற மட்டும் சத்தம் நடுங்கிச்சுது. அவள் சுவரோட சாஞ்சு கண்ணை மூடிக்கொண்டு நிண்டாள். மூண்டாவது பத்தில, வாய் பழகின பழக்கத்தில, "எங்கட நிஸ்லாவின்ர படிப்புக்காக" எண்டு வந்திட்டுது. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில சொன்னனான். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாள். நிப்பாட்டச் சொல்லேல்ல. முடிச்சன்.

"இருபத்தொரு நிமிசம், பத்துச் செக்கன்," எண்டு கொப்பியில எழுதினாள். "எல்லா நாளும் இதேதானா?"

"சனிக்கிழமை மட்டும் மாதா பிரார்த்தனை கூட. ஒரு ஆறு நிமிசம் வரும்."

"கடைசியாச் சொன்னது?"

"வெட்டின அண்டைக்கு விடிய ஆறுக்கு."

"ஒரு நேரமும் தவறேல்லயா?"

"ஒரு நேரமும்."

எழுதினாள். "அப்ப இது இருட்டுக் கணக்கில்லை, சிவப்புக் கணக்கு. இலை திறந்திருக்கு, அதே சிவப்புக்குக் கீழ நிண்டும் வேர் அசையேல்ல. அது உண்மைதானே, எறியத் தேவையில்லை. ஆனா இருட்டு என்னட்ட இல்லை." கொப்பியை மூடினாள். "அண்டைக்குக் கத்தினாப்பிறகு சேர் ஒரு நாள் முழுக்கக் கதைக்கேல்ல. நேற்றுத்தான் போன் எடுத்தவர். தானாப் போய்க் கேட்டு, செப்ரெம்பர் முடிவு வரைக்கும் தவணை வாங்கித் தந்திருக்கிறார். கடைசித் தரம். இனி ஒரு நாளும் கேக்கேலாது."

ஓகஸ்ட் கடைசியில திரும்பவும் இருபது கப் உள்ள போச்சு. வைச்சு முடிச்சிட்டு, ஒரு கதிரையில ஏறி, அந்தச் சிவப்பு பல்பைக் கழட்டித் தன்ர பையுக்குள்ள போட்டாள். ரெண்டு கதவையும் பூட்டினாள். திறப்பைக் கையில வைச்சுக் கொஞ்ச நேரம் பாத்தாள்.

"கொண்டு போ பிள்ளை," எண்டன். "என்னை நம்பாதை. எனக்கே என்னில நம்பிக்கை இல்லை."

திறப்பை என்ர மேசையில வைச்சாள். "எனக்குச் சாமான் தொலைக்கிற பழக்கம்," எண்டாள். சிரிக்கேல்ல. வெளிக்கிட்டுப் போயிட்டாள்.

அந்த அஞ்சு நாளையும் நான் உங்களுக்கு எப்பிடிச் சொல்ல? நெருப்பில நிண்டன். எலி ஓடின மாதிரிச் சத்தம் கேட்டுது, போகேல்ல. மழை இருட்டிக்கொண்டு வந்துது, கூரை ஒழுகுமோ எண்டு உயிர் போச்சு, போகேல்ல. செபமாலையைக் கடை வாசலில கதிரையைப் போட்டு, றோட்டால போற வாற சனத்தைப் பாத்துக்கொண்டு சொன்னன். திறப்பு மேசையில அவள் வைச்ச இடத்திலயே கிடந்தது. அதுக்கு மேல தூசு படிய விட்டன்.

ஆறாம் நாள் கபிலன் குடுவையோட வந்தான். பகிடி விடேல்ல, அவனுக்கும் கதை தெரியும். நிஸ்லா பச்சை லைற்றோட உள்ள போனாள். நான் வெளியில நிண்டு விரலைக் கடிக்கிறன். ஒரு சத்தமும் இல்லை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு கதவு திறந்துது. வெட்டாமல் மிச்சம் விட்ட ஒரு கப்பை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து என்ர மேசையில வைச்சாள். மஞ்சளாப் போய், துவண்டு, சாகப் போற மாதிரிக் கிடந்தது செடி. நான் அவளின்ர முகத்தைப் பாத்தன். அழுதுகொண்டிருந்தாள், வாய் முழுக்கச் சிரிப்பு.

"ஒரு படம் எடுங்கோ அன்ரி. ஆய்வுப் புத்தகத்துக்கு வேணும்."

கமறாவை எடுத்தன். கப்பைக் கிட்ட இழுத்து வைச்சு, கண்ணை வைச்சுப் பாத்தன். அமத்தப் போனவள் நிண்டிட்டன்.

"பிள்ளை, பிளாஷ் போடலாமோ?"

"இப்பப் போடுங்கோ அன்ரி," எண்டாள் நிஸ்லா.